எல்லா உறுப்புகளுக்காகவும் பேசிய எலிக் கல்லீரல்

உயிர்வேதியியல் ஆய்வுக் கட்டுரைகளில் செய்முறைப் பகுதியைப் பொறுமையாகப் படிக்கிறவர்கள் குறைவு. முடிவு என்ன என்று பார்த்துவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவார்கள். மைட்டோகாண்ட்ரியாவைப் பொறுத்தவரை அந்தச் சலிப்பூட்டும் பகுதியில்தான் அரை நூற்றாண்டு வரலாறு கிடக்கிறது. எலியை ஓரிரவு பட்டினி போட்டார்கள். மறுநாள் அதன் கல்லீரலை எடுத்து, பனிக்கட்டியில் குளிர வைத்த 0.25 மோலார் சுக்ரோஸ் கரைசலில் பொடியாக நறுக்கி, கண்ணாடிக் குழாய்க்குள் சுழலும் உலக்கையால் அரைத்தார்கள். மையவிலக்கில் முதலில் மெதுவாகச் சுழற்றி உட்கருக்களையும் உடையாத செல்களையும் ஒதுக்கினார்கள். பிறகு வேகமாகச் சுழற்றி, அடியில் தங்கிய பழுப்பு நிறப் படிவை எடுத்துக்கொண்டார்கள். ஆய்வகமும் ஆண்டும் கேள்வியும் மாறினாலும் இந்த வரிகள் மட்டும் பெரும்பாலும் மாறவில்லை. பாலியமைன்கள் என்னும் சிறு மூலக்கூறுகள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எப்படிப் போகின்றன என்ற கேள்விக்கு நம்மிடம் இருக்கும் பதிலில் பெரும்பகுதி இந்த வழக்கம் ஈன்ற பதில்தான். உறுப்புக்கு உறுப்பு அந்தப் போக்குவரத்து வேறுபடுகிறது என்பது நுணுக்கமான விஷயம், அதனால்தான் தாமதமாகக் கவனத்துக்கு வந்தது என்று சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கேள்வி கேட்பதற்கு முன்பே உறுப்பைத் தேர்ந்துவிடும் பழக்கம்தான் அந்த வேறுபாட்டை ஓரம் கட்டியது.

பாலியமைன்களில் மூன்று நமக்கு முக்கியம்: புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின். உடலின் இயல்பான அமிலநிலையில் இவை முறையே இரண்டு, மூன்று, நான்கு நேர்மின்னூட்டங்களைச் சுமக்கின்றன. எதிர்மின்னூட்டம் கொண்ட எதையும், அது டிஎன்ஏவோ ஆர்என்ஏவோ ஏடிபியோ சவ்வின் கொழுப்போ, இவை பற்றிக்கொள்ளும். இவற்றின் உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் நொதி செல்லின் திரவப் பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதியில் ஸ்பெர்மின் காணப்பட்டால் அது வெளியிலிருந்து, எளிதில் எதையும் விடாத உட்சவ்வைக் கடந்து வந்திருக்க வேண்டும்.

ஸ்பெர்மினின் வரலாறு, ஓர் உறுப்பை எல்லா உறுப்புகளுக்கும் பொதுவாக்கிய இந்த வழக்கத்துக்கு நேர்மாறான ஒரு தவறோடு தொடங்கியது. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் லேவன்ஹூக் 1678ஆம் ஆண்டு வாக்கில் மனித விந்தைத் தன் லென்சின் கீழ் வைத்துப் பார்த்தபோது, அது காயும்போது படிகங்கள் தோன்றுவதைக் கண்டு எழுதிவைத்தார். 1791இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் அவற்றை ஒரு பாஸ்பேட் உப்பு என்றார். 1878இல் ஷ்ரைனர் அது ஒரு கரிம காரத்தின் பாஸ்பேட் என்று காட்டினார். பத்தாண்டு கழித்து லாடன்பர்க்கும் ஆபெலும் அந்தக் காரத்துக்கு ஸ்பெர்மின் என்று பெயரிட்டார்கள். அதன் கட்டமைப்பை மட்டும் தவறாகக் கணித்தார்கள். இடையில் ஆஸ்துமா நோயாளிகளின் சளியிலும் ரத்தப் புற்றுநோயாளிகளின் திசுக்களிலும் கண்ட ஷார்கோ-லைடன் படிகங்களும் இதுவே என்று பலர் நம்பினார்கள். அவை புரதப் படிகங்கள் என்பது வெகுகாலம் கழித்தே தெளிந்தது. விந்தில் கிடைத்தது, ஆகவே ஆண்மையின் சாரம் என்ற எண்ணம் சந்தையையும் உருவாக்கியது. 1889இல் பாரிஸில் 72 வயது பிரவுன்-செக்கார், விலங்கு விரைகளின் சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அலெக்சாண்டர் போல் தன் பெயரையே சேர்த்து ‘ஸ்பெர்மினம்’ என்ற மருந்தை விற்றார். நரம்புத் தளர்ச்சி முதல் எல்லாவற்றுக்கும் அது பரிந்துரைக்கப்பட்டது. ஒரு மூலக்கூறை ஒரே உறுப்பின் சொத்தாக்கியதன் விளைவு இது.

அந்தக் கட்டுக்கதையை உடைத்தவர்கள் லண்டன் வேதியியலாளர்கள். 1924இல் ரோசன்ஹைமும் டட்லியும் ஸ்பெர்மினை விந்திலிருந்து மட்டுமல்லாமல் பல விலங்குத் திசுக்களிலிருந்தும் பிரித்தெடுத்தார்கள். 1926இல் ஸ்டார்லிங்கும் சேர்ந்து அதன் சரியான கட்டமைப்பை நிறுவி, அதைச் செயற்கையாகவும் தயாரித்தார்கள். பொருள் எங்கும் இருக்கிறது என்று தெரிந்தவுடன் ஆய்வாளர்களின் மனம் எதிர்த்திசைக்குச் சாய்ந்தது. எங்கும் இருப்பது எங்கும் ஒரே வேலையைத்தான் செய்யும், எந்த உறுப்பில் பார்த்தாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் யாரும் உரக்கச் சொல்லாமலே நிலைபெற்றது. இரண்டாவது தவறு முதலாவதைவிட நாகரிகமானது. அதனால்தான் அது நீண்ட நாள் பிழைத்தது.

கல்லீரல் எப்படி முன்னுக்கு வந்தது என்பது கருவிகளின் கதை. 1934இல் சிகாகோவில் பென்ஸ்லியும் ஹோயரும் கினிப் பன்றியின் கல்லீரலிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைத் திரளாகப் பிரிக்க முயன்றார்கள். 1936இல் விஸ்கான்சினில் பாட்டரும் எல்வெஹ்யெமும் கண்ணாடிக் குழாயில் சுழலும் உலக்கை கொண்ட அரைப்பானை வெளியிட்டார்கள். இன்றும் அவர்கள் பெயரில்தான் அது ஆய்வகங்களில் நிற்கிறது. 1948இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் ஹோகபூம், ஷ்னைடர், பலாடி மூவரும் அடர்ந்த சுக்ரோஸ் கரைசலில், அதாவது 0.88 மோலாரில், எலிக் கல்லீரலிலிருந்து உருக்குலையாத மைட்டோகாண்ட்ரியாவை எடுத்துக் காட்டினார்கள். மறு ஆண்டே கென்னடியும் லெனிங்கரும் அதே எலிக் கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாவில்தான் கொழுப்பு அமிலங்கள் எரிகின்றன, சிட்ரிக் அமிலச் சுழற்சி நடக்கிறது என்று நிறுவினார்கள். அதன்பிறகு கல்லீரலுக்குப் போட்டியே இல்லை. அது பெரியது, மென்மையானது, நார்த்திசு குறைவு, செல்களில் பெரும்பான்மை ஒரே வகை, ஒவ்வொரு செல்லிலும் ஏராளமான மைட்டோகாண்ட்ரியா. காலையில் தொடங்கினால் மதியத்துக்குள் அளவீட்டுக்குத் தயார். எலிக்கு முதல்நாள் இரவு உணவு கொடுக்காததற்குக் காரணமும் வசதிதான்: கல்லீரலில் சேமித்த கிளைக்கோஜன் குறைந்திருந்தால் படிவு சுத்தமாகக் கிடைக்கும். உணவு நிலைக்கேற்பத் தன் வேலையை மாற்றிக்கொள்வதே கல்லீரலின் முக்கியமான குணம். அந்தக் குணத்தைப் பட்டினியால் ஒரே நிலையில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் உலகப் பொதுவான மைட்டோகாண்ட்ரியா என்று அதற்குப் பெயர் வைத்தோம்.

இதற்கு உடனே எழும் ஆட்சேபம், வேறு உறுப்புகளை யாருமே தொடவில்லையா என்பது. தொட்டார்கள். மேடிசன் நகரில் டேவிட் கிரீனின் நொதியியல் நிறுவனம் மாட்டு இதயங்களிலிருந்து பெரிய அளவில் மைட்டோகாண்ட்ரியாவைத் தயாரித்தது; 1957இல் கோஎன்சைம் க்யூ கண்டுபிடிக்கப்பட்டது அங்கேதான். ஆனால் மாட்டிதயம் அவர்களுக்கு நொதிகளை உரித்தெடுக்கும் மூலப்பொருளாக இருந்தது. முழுதாக இருக்கும் சவ்வின் வழியே எது எவ்வளவு வேகத்தில் போகிறது என்ற கேள்விக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. இதைவிடச் சுவையான உதாரணம் கால்சியம். மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை ஆற்றல் செலவிட்டு உள்ளே இழுக்கிறது என்று 1961இல் டெலூகாவும் எங்ஸ்ட்ராமும், 1962இல் வாசிங்டனும் மர்ஃபியும் காட்டியது எலியின் சிறுநீரகத்தில். கண்டுபிடிப்பு சிறுநீரகத்தில் பிறந்தாலும் அதை வளர்த்தது பெரும்பாலும் கல்லீரல்தான். அடுத்த இருபது ஆண்டுகளில் கால்சியப் போக்குவரத்தின் வேகம், தடை, சமநிலை பற்றிய அடிப்படை எண்களில் பல எலிக் கல்லீரலிலேயே அளக்கப்பட்டன. வழக்கம் எவ்வளவு வலுவானது என்பதற்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

பாலியமைன் ஆய்வுக்குக் கல்லீரல் இன்னொரு வாசல் வழியாகவும் வந்தது. எலிக் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டிவிட்டால் அது மீண்டும் வளரும். 1931இல் ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் விவரித்த அறுவை முறை இது. அப்படி வளரும் கல்லீரலில் ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸின் செயல்பாடு சில மணி நேரத்திலேயே பலமடங்கு உயர்கிறது என்று 1968இல் ரஸ்ஸலும் ஸ்னைடரும் காட்டினார்கள். வளர்ச்சிக்கும் பாலியமைனுக்கும் உள்ள உறவு அதிலிருந்துதான் பெரிய ஆய்வுத் துறையானது. ஆக மைட்டோகாண்ட்ரியா ஆய்வாளர்களின் விருப்பமான உறுப்பும் பாலியமைன் ஆய்வாளர்களின் விருப்பமான உறுப்பும் ஒன்றாகிவிட்டன. இரண்டு துறைகளும் சந்தித்தபோது எங்கே சந்திப்பது என்ற கேள்வியே எழவில்லை.

சந்தித்த இடம் இத்தாலியின் பதுவா. நோரிஸ் சிலிப்ராண்டி அங்கே வளர்த்த உயிர்வேதியியல் மரபில் வந்த அந்தோனியோ தொனினெல்லோவும் உடன் பணியாற்றியவர்களும் 1985இல் எலிக் கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஸ்பெர்மின் நுழைவதையும், அது பாஸ்பேட்டின் போக்குவரத்தைப் பாதிப்பதையும் வெளியிட்டார்கள். கதிரியக்கக் குறியிட்ட ஸ்பெர்மினைக் கொடுத்து, எவ்வளவு படிவோடு வருகிறது என்று அளப்பது முறை. சுவாசம் நடந்து உட்சவ்வில் மின்னழுத்தம் இருந்தால்தான் ஸ்பெர்மின் சேர்கிறது. அழுத்தத்தைக் குலைக்கும் பொருளைச் சேர்த்தால் சேர்வது நிற்கிறது. 1992இல் அதே குழு, ஸ்பெர்மின், ஸ்பெர்மிடின், புட்ரெசின் மூன்றும் மின்புலத்தின் இழுப்பால், பாலியமைனுக்கே உரிய ஒரு தனிவழியாக உள்ளே போகின்றன என்று வாதிட்டது. நுழைந்தது திரும்பி வெளியேறவும் செய்கிறது, இரண்டும் சேர்ந்த சுழற்சி ஒன்று நடக்கிறது என்ற படம் பின்னர் உருவானது. சவ்வின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதை உள்ளே போவதிலிருந்து பிரித்தறிவதற்கு அவர்கள் எடுத்த சிரமம் குறிப்பிடத்தக்கது. 1996இல் ஸ்பெர்மின் ஒட்டும் இடங்களையே தனியாக ஆராய்ந்தார்கள். நான்கு நேர்மின்னூட்டமுள்ள பொருள் சவ்வின் கொழுப்பில் ஒட்டாமல் இருக்காது. அதைக் கணக்கில் எடுக்காத அளவீடு எதையும் நிரூபிக்காது. நான் இங்கே வழக்கத்தைக் குறை சொல்கிறேனே தவிர அந்த வேலையின் தரத்தை அல்ல. கல்லீரல் இவ்வளவு இணக்கமாக இருந்திருக்காவிட்டால் இந்த அளவு துல்லியம் கிடைத்தும் இருக்காது.

இப்போது வலுவான எதிர்வாதத்துக்கு வருவோம். நுழைவுக்குத் தேவையான விசை சவ்வு மின்னழுத்தம். அது ஆற்றலூட்டிய மைட்டோகாண்ட்ரியாவில் 180 மில்லிவோல்ட்டுக்கு அருகில், எந்த உறுப்பானாலும் கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கிறது. விசை பொதுவானால் விதியும் பொதுவானதுதானே? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நியாயம் இது. பானை ஒன்றாக இருக்கும்வரை அது சரி. இங்கே பானை ஒன்றா என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று போதும். ஒற்றை நேர்மின்னூட்டம் கொண்ட அயனி ஒன்று, ஒவ்வொரு 60 மில்லிவோல்ட்டுக்கும் ஏறக்குறைய பத்து மடங்கு உள்ளே சேர முடியும். ஸ்பெர்மினில் நான்கு மின்னூட்டங்கள். ஆகவே 180 மில்லிவோல்ட்டில் சமநிலை எட்டப்பட்டால் உள்ளே வெளியே விகிதம் 1-க்குப் பின் 12 சுழியங்களாக, ஒரு லட்சம் கோடி மடங்காக இருக்க வேண்டும். அப்படி எங்கும் நடப்பதில்லை, நடந்தால் மைட்டோகாண்ட்ரியா மிஞ்சாது. அதாவது ஸ்பெர்மின் ஒருபோதும் சமநிலைக்குப் போய்ச் சேர்வதில்லை. உள்ளே எவ்வளவு இருக்கும் என்பதை மின்னழுத்தம் முடிவு செய்வதில்லை. எவ்வளவு வேகமாக நுழைகிறது, எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது, உள்ளும் புறமும் எதில் ஒட்டிக்கொள்கிறது, வெளியே கட்டின்றித் திரியும் ஸ்பெர்மின் எவ்வளவு என்பவைதான் முடிவு செய்கின்றன. இவை ஒவ்வொன்றும் புரதங்களின் எண்ணிக்கையையும் செல்லின் இயல்பையும் பொறுத்தவை. பொதுவான விசையைக் காட்டிப் பொதுவான ஒழுங்குமுறையை நிரூபிக்க முடியாது. இங்கே விசை தேவைக்கு மேல் இருப்பதாலேயே ஒழுங்குபடுத்தும் வேலை முழுவதும் மற்றவற்றின் தலையில் விழுகிறது.

அந்த மற்றவை உறுப்புக்கு உறுப்பு வேறுபடுவதற்குச் சான்று பல பக்கங்களிலிருந்து வந்திருக்கிறது. முதலில் வரத்து. பாலூட்டிகளில் ஸ்பெர்மிடின் மிகுந்த உறுப்பு கணையம். ஸ்பெர்மினுக்குப் பெயர்போனது புராஸ்டேட் சுரப்பி. இங்கெல்லாம் மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் நிற்கும் கூட்டமே வேறு. அடுத்து, நுழைந்தபின் அல்லது வாசலில் நின்றபடியே செய்யும் வேலை. 1984இல் ஃபிலடெல்ஃபியாவில் நிக்கிட்டாவும் வில்லியம்சனும், ஸ்பெர்மின் இருந்தால் மைட்டோகாண்ட்ரியா மிகக் குறைந்த கால்சியத்தையும் இழுத்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். 1986இல் லென்சனும் தோழர்களும் மக்னீசியம் இந்த விளைவோடு எப்படி மோதுகிறது என்று விளக்கினார்கள். 1987இல் எலி மூளையிலும் ஸ்பெர்மினின் தூண்டல் உறுதியானது. இங்கே ஒருவர், மூளையிலும் கல்லீரலிலும் ஒரே விளைவு என்றால் உங்கள் வாதம் விழுந்ததே என்று கேட்கலாம். விளைவின் திசை ஒன்றுதான். ஆனால் அளவு? 2012இல் கிரிச்சோக் ஆய்வகம் சுண்டெலியின் பல திசுக்களில் மைட்டோகாண்ட்ரியாவின் கால்சிய மின்னோட்டத்தை நேரடியாக அளந்தபோது, இதயத்தில் அது எலும்புத்தசையில் இருப்பதைவிட ஏறத்தாழ முப்பது மடங்கு குறைவு என்று தெரிந்தது. தூண்டப்படும் கால்சிய வாயிலே முப்பது மடங்கு மாறும்போது, தூண்டும் ஸ்பெர்மினின் பொருளும் அந்த உறுப்பில் மாறத்தானே செய்யும். கொழுப்புத் திசுவில் கதை இன்னும் வேறு. பைருவேட்டை எரிப்புக்கு அனுப்பும் நொதித் தொகுதியைத் திறந்துவிடும் பாஸ்பட்டேஸை ஸ்பெர்மின் ஊக்குவிக்கிறது என்று 1984இல் ரீடின் குழு கண்டது. 1992இல் ரட்டரும் டென்டனும் கொழுப்புச் செல்களில் இன்சுலின் அதே நொதித் தொகுதியைத் தூண்டுவதில் பாலியமைனின் பங்கு என்ன என்று ஆராய்ந்தார்கள். அங்கே பாலியமைன் போக்குவரத்து என்றால் ஹார்மோன் செய்தியின் ஒரு கண்ணியாக இருக்கக்கூடிய ஒன்று. பட்டினி கிடந்த கல்லீரலில் அந்தக் கேள்வியையே கேட்க முடியாது.

இன்னொரு ஆட்சேபம் தொழில் தெரிந்தவர்களிடமிருந்து வரும், அதை நான் மதிக்கிறேன். உறுப்புகளுக்கிடையே காணும் வேறுபாடு உறுப்பின் வேறுபாடா, பிரித்தெடுக்கும் முறையின் வேறுபாடா? தசையை உலக்கையால் மட்டும் அரைக்க முடியாது. நார்களைத் தளர்த்த நாகார்ஸ் போன்ற புரதம் செரிக்கும் நொதியைச் சேர்ப்பார்கள். அந்த நொதி மைட்டோகாண்ட்ரியாவின் வெளிப்புறத்தைத் தொடாமல் விடும் என்று யார் உத்தரவாதம் தருவது? இதயத்தில் ஒரே வகை மைட்டோகாண்ட்ரியா இல்லை. செல்சவ்வை ஒட்டியவை, தசையிழைகளுக்கு நடுவே நெருங்கிக் கிடப்பவை என இரண்டு கூட்டங்களை 1977இல் பால்மரும் டான்ட்லரும் ஹோப்பலும் பிரித்துக் காட்டினார்கள். மூளைப் படிவில் நியூரானுடையதும் மற்ற செல்களுடையதும் கலந்திருக்கும், நரம்பு முனைகள் பொட்டலமாகச் சேர்ந்தும் வரும். எல்லாம் உண்மை. ஆனால் இந்த ஆட்சேபம் எந்தப் பக்கம் வெட்டுகிறது என்று கவனிக்க வேண்டும். முறையால் கெடாத உறுப்பு கல்லீரல் என்று அது எடுத்துக்கொள்கிறது. கல்லீரலுக்காகவே செதுக்கிய முறை கல்லீரலுக்குப் பொருந்துவதில் வியப்பில்லை. மற்ற உறுப்புகள் அதில் சிரமப்படுவதை அவற்றின் குறையாகப் பதிவு செய்ததுதான் வழக்கம் செய்த வேலை. வேண்டிய செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் ஒரு புரத அடையாளத்தை ஒட்டி, காந்த மணிகளால் சில நிமிடங்களில் அவற்றை இழுத்தெடுக்கும் சுண்டெலியை 2019இல் உருவாக்கினார்கள். எந்த உறுப்பையும் சமமாக நடத்த வழி கிடைத்துவிட்டது. அந்தக் கட்டுரையில் முதலில் செய்து காட்டிய செல் எது தெரியுமா? கல்லீரல் செல்தான்.

கடைசியாக, இதெல்லாம் வெறும் உயிரியல் நுணுக்கம், மருத்துவத்துக்கு என்ன என்று கேட்கிறவர்களுக்கு நோய்களே பதில் சொல்கின்றன. கால்சிய வாயிலின் மரபணுவை 2011இல் பதுவாவும் பாஸ்டனும் தனித்தனியே கண்டுபிடித்தன, முதல் கண்டுபிடிப்பு நடந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து. பாலியமைனின் மைட்டோகாண்ட்ரியா வாயிலுக்கு அப்படி ஒரு மரபணு விலாசம் நெடுங்காலம் கிடைக்கவில்லை.  வழி பக்கத்து வீதியில் திறந்தது. ஏடிபி13ஏ2 என்ற மரபணு பழுதானால் குஃபோர்-ரகேப் என்ற, இளவயதில் தாக்கும் பார்க்கின்சன் வகை நோய் வருகிறது என்று 2006இல் தெரிந்தது. அந்தப் புரதம் லைசோசோமிலிருந்து ஸ்பெர்மினையும் ஸ்பெர்மிடினையும் வெளியே தள்ளுகிறது என்று பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள் 2020இல் நிறுவினார்கள். அந்த ஏற்றுமதி நின்றால் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் சார்ந்த சேதம் கூடுகிறது என்றும் அதே குழு காட்டியது. ஸ்னைடர்-ராபின்சன் நோய் இன்னொன்று. ஸ்பெர்மினை உருவாக்கும் நொதியின் மரபணுவே பழுது என்று 2003இல் அறியப்பட்டது. பழுது உடலின் எல்லாச் செல்களிலும் இருக்கிறது, ஆனால் நோயாளியிடம் தெரிவது அறிவு வளர்ச்சிக் குறைவும், தளர்ந்த தசையும், எளிதில் முறியும் எலும்பும். இரண்டு நோய்களிலும் முதலில் தடுமாறுவது மூளை. கல்லீரல் நோய் இவற்றின் அடையாளமாகச் சொல்லப்படுவதில்லை. ஸ்பெர்மின் குறைந்தாலும் இடம் மாறினாலும் சமாளித்துக்கொள்ளத் தெரிந்த உறுப்பிடமே இத்தனை காலம் ஸ்பெர்மினைப் பற்றி விசாரித்திருக்கிறோம். சமாளிக்க முடியாத நியூரானிலும் எலும்புச் செல்லிலும் நுழைவு வேகமும் வெளியேறும் வேகமும் எவ்வளவு என்று அளந்தால்தான் இந்த நோயாளிகளுக்கு எந்தப் பாலியமைனை, எவ்வளவு கொடுக்கலாம் என்று பேசத் தொடங்க முடியும்.